சங்கக்காவின் நடை

கதவை விரல்கணுவால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நிற்கிறார் சங்கக்கா. திறக்கிறவருக்கு முதலில் தன் முகமும், கூடவே வெறும் கைகளும் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கையில் பை இருக்காது. எதையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர் மாதிரித் தெரியவே கூடாது. கதவு திறந்ததும், காப்பித்தூள் கொஞ்சம் இருக்குமா என்று கேட்கிற தொனியில் சொல்லுவார்: "இன்னைக்குப் பத்து மணிக்குச் சங்கு ஊதும். சோதனைதான். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க." உள்ளேயிருந்து ஒரு குரல், "சோதனைதானே?" என்று கேட்கும். "சோதனைதான்." அடுப்படியிலிருந்து இன்னொரு குரல், "சோதனைதானேக்கா?" என்று கேட்கும். "சோதனைதான்மா." சில வீடுகளில் மூன்றாவது குரலும் உண்டு. அவர் ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குட்டையான, அகலமான உடம்பு. தட்டைப் பாதம். நடக்கும்போது இடப்பக்கம் லேசாகச் சாய்வார். ரப்பர் செருப்பு குதிகாலில் பட்டு 'சட்டக், சட்டக்' என்று அடித்துக்கொள்ளும். ஊர் அலுவலகத்தில் தேநீர் போட்டு, மேசை துடைத்து, வருகிறவர்களை "உக்காருங்க, ஐயா இப்ப வந்துடுவாரு" என்று சமாதானம் செய்வதுதான் அவருக்கு முதலில் கொடுத்த வேலை. இந்த வேலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பேரும் அதோடு வந்தது. கம்பத்தில் கட்டிய அபாய ஒலிபெருக்கியை ஊர் சங்கு என்று கூப்பிட, அதைச் சொல்ல வருகிறவர் சங்கக்கா ஆனார். ஒருவனுக்குச் சங்கு ஊதியாயிற்று என்றால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். அப்படி ஒரு பேரைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாகப் போய் நிற்க யாருக்கும் கூசும். அவருக்கு இல்லை. "பேருதானே. வேற எதையோ சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தானே வரணும்" என்பார்.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் சுரங்கம். கல்லை அரைத்துக் கழுவிய பிறகு மிஞ்சுகிற சாம்பல் நிறச் சேற்றைத் தேக்கி வைக்க, அதற்குப் பக்கத்தில் ஒரு கழிவுக்குளம். நான்கு வருடத்துக்கு முன்னால், வீடுகளில் மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், குளத்தின் கரை உடைந்தது. சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை என்பார்கள். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல், பிறகு சில்லென்று ஒரு காற்று, அதன் பிறகு ஆற்றுத் தெருவில் பாதி இல்லை. ஓடச் சொல்லி யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு ஒரு கருவியும் அன்றைக்கு இல்லை. செத்தவர்களில் சிலரை இன்னும் எடுக்கவில்லை. தெருக் கடைசியில் கெட்டிப்பட்டுப்போன சேற்றின் மேல் புல் தளதளவென்று முளைத்திருக்கிறது. அதில் யாரும் மாட்டைக் கட்டுவதில்லை.

மிஞ்சிய பாதித் தெருவில் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். எந்த வீட்டிலும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கழற்றி எறிந்துவிட்டார்கள். குளிக்கிறவர் உள்ளே இருப்பது தெரிவதற்காகச் சத்தமாகப் பாடுவார். குரல் இல்லாதவர்கள் வாளியைத் தட்டுவார்கள். குக்கரை மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. விசில் சத்தம் யாருக்கும் ஆகாது. வருகிற பேருந்து, ஊர் எல்லையிலேயே ஹாரனை நிறுத்திக்கொள்ளும். புதிதாக ஓர் ஓட்டுநர் வந்து தெரியாமல் அடித்துவிட்டால், கண்டக்டர் பாய்ந்து போய் அவர் கையைப் பிடிப்பார்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, 'ஓடு' என்கிற சொல்லைத் தெரு சாதாரணப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளைகள் பிடித்து விளையாடும்போது "போ, போ, போ" என்றுதான் கத்துவார்கள். தையல்காரரிடம், "மிஷின் எப்படிப் போகுது?" என்று கேட்டால், "நல்லா நடக்குது" என்பார். கடையும் நடக்கிறது, நேரமும் நடக்கிறது, கடிகாரமும் நடக்கிறது. ஒரு தடவை வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் விருந்துக்கு வந்து, "கையும் ஓடல, காலும் ஓடல" என்று ஏதோ பேச்சுக்குச் சொல்லப்போக, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆற்றுத் தெருவிலிருந்து மேட்டுத் தெருவுக்கு ஏற ஒரே வழி, இரண்டு மதில்களுக்கு நடுவே போகிற ஒடுக்கமான படிக்கட்டு. மேட்டுத் தெருவில் சேறு ஏறவில்லை. அங்கே பாதி வீடுகளுக்குச் சுரங்கச் சம்பளம்தான் சோறு போடுகிறது. "எத்தனை நாளைக்கு இதையே சொல்லி அழுவீங்க? சுரங்கத்தை மூடிட்டா நாங்க எங்க போறது?" என்று மேலே கேட்பார்கள். "உங்க உலை கொதிக்கறதுக்கு எங்க ஆளுங்க புதைஞ்சாங்க" என்று கீழே பதில் வரும். கூடப் பிறந்த அண்ணனும் தம்பியும் படிக்கட்டில் எதிரும் புதிருமாக வந்துவிட்டால், ஒருவர் செருப்பில் கல் ஏறினது மாதிரிக் குனிந்துகொள்வார்.

கரை உடைந்து ஒரு வருடம் போன பிறகுதான் கம்பங்கள் நட்டுச் சங்கு கட்டினார்கள். கட்டி முடித்த அன்று வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவர் பொத்தானை அழுத்தினார். அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். சுவரை யார் போய்ப் பார்த்தார்கள்? ஊர் எழுந்து ஓடியது. படிக்கட்டின் வாயில் கூட்டம் சிக்கி, பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள் மேல் ஏறினார்கள். தையல்காரரின் அம்மா மிதிபட்டுச் செத்துப்போனார். சேற்றுக்குத் தப்பியவர் சோதனைக்குத் தப்பவில்லை.

ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. பல வருடமாகக் கட்டில்தான். சங்கு ஊதியதும் கணவர் மாவுக் கையோடு ஓடிப் படியேறிவிட்டார். மேலே போய் மூச்சு வாங்கும்போதுதான் தான் தனியாக நிற்பது அவருக்கு உறைத்தது. கூட்டம் கலைகிறவரை இறங்கிப் போகவும் முடியவில்லை. கடைசியில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அந்த அம்மாள் தலையணையில் சாய்ந்து, விட்டுப்போன இடத்திலேயே இருந்தார். "ரொட்டி கருகுது. போய் அடுப்பை அணைங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. அன்றிலிருந்து சோதனை நாளில் ரொட்டிக்கடைக்காரர் காலையிலேயே கடையை அடைத்துவிட்டு, மனைவியின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. சேறு வந்த அன்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, போனவர்கள் போனார்கள். சங்கு ஊதிய அன்று, தையல்காரரின் அம்மாவைத் தவிர, எல்லாரும் உயிரோடு வீடு திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டி வந்தது. யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்பது ஊருக்கே வெட்டவெளிச்சம் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அதிகாரி தேநீர்த் தட்டோடு வந்தவரைப் பார்த்து, "உங்களை எல்லாருக்கும் தெரியும். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். "தட்டை வெச்சுட்டு வர்றேன்" என்றார் அவர். அவ்வளவுதான் நியமனம்.

அவர் சொல்வதைவிட அவர் நடப்பதைத்தான் ஊர் கவனிக்கிறது என்பது கொஞ்ச நாள் கழித்து ஒரு குடையால் தெரியவந்தது. காற்று வேகமாக அடித்த ஒரு நாள், கையிலிருந்த குடை பறந்து தெருவோடு உருண்டது. அதைப் பிடிக்க அவர் ஓடினார். பிடித்து மடக்கிக்கொண்டு நிமிர்ந்தால், பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைகளோடு பெண்கள், கழுத்தில் துண்டும் பாதி முகத்தில் நுரையுமாகச் சவரக்கடையிலிருந்து எழுந்து வந்த ஒருவர், அவருக்குப் பின்னால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சவரக்காரர். ஒரு சிறுமிக்குக் கை பிசகிவிட்டது. எல்லாரும் நின்று, மூச்சிரைக்க, அவரையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்பார். சிறுமியின் அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "இனிமே நீ மட்டும் ஓடாதேக்கா" என்றாள்.

அன்றைக்கு விட்டதுதான். மழை கொட்டினாலும் நனைந்துகொண்டே நடப்பார். பேருந்து கிளம்பும்போது கண் முன்னாலேயே போகவிட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். நாய் துரத்தினால் நின்றுவிடுவார். நாயே அலுத்துப்போய்த் திரும்பிவிடும். வானம் இருட்டிக்கொண்டு வருகிற நாட்களில் சோதனை இல்லாவிட்டாலும் தெருவில் ஒரு நடை போய்வருவார். 'சட்டக், சட்டக்' சத்தம் ஒரே சீராகக் கேட்டால் போதும், உள்ளே இருக்கிறவர்கள் தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொல்லிக்கொள்வார்கள்: "அக்கா நடந்துதான் போறா. ஒண்ணுமில்ல."

கணவருக்கு இது பெரிய கேலி. அவர் படிக்கட்டின் மேல்முனையில், மேட்டுத் தெரு தொடங்குகிற இடத்தில், சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒல்லியான ஆள், கை எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் ஒரு குசும்பு. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இவ எந்திரிச்சு ஓடியிருக்கணும். அப்ப விட்டுட்டா. இப்ப ஓடவும் முடியாது, பாவம்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். சங்கக்கா படியேறி வரும்போது எழுந்து நின்று, "வழி விடுங்கப்பா, ராணியம்மா பவனி வர்றாங்க" என்பார். சேறு வந்தபோது மண்வெட்டி எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். என்னத்தைக் கண்டார், யாரைத் தோண்டி எடுத்தார் என்று மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஆற்றுத் தெருவுக்கு அவர் இறங்கவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் நகக்கண்ணை முகர்ந்து பார்க்கிற ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டது.

ஒரே மகள். சுரங்கத்தில் வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக்கொடுத்து, அப்பாவின் கடைக்கு நாலு வீடு தள்ளி, மேட்டுத் தெருவிலேயே இருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஆறு செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. 'கரை கசியுதாம்' என்று யாரோ யாருக்கோ போனில் சொல்ல, அது வாய்க்கு வாய் வளர்ந்து, ஆற்றுத் தெருவில் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. யாராவது ஒருவர் கால் வைத்தால் போதும், தெரு மொத்தமும் படிக்கட்டில் போய் விழும். அதிகாரி மேலே ஆட்களைக் கேட்டு, பயமில்லை என்று உறுதி செய்துகொண்டு சங்கக்காவை அனுப்பினார். அவர் ஒவ்வொரு வாசலாக நின்று சொல்லிக்கொண்டு வந்தார்: "கரை நல்லாத்தான் இருக்கு. மேல ஆளுங்க பாத்துட்டுதான் இருக்காங்க. உள்ள போய் ஈரத்தைத் துடைங்க." தெருவின் கடைசியில், புல் முளைத்த சேற்றுக்குப் பக்கத்து வீட்டில் நின்றபோது போன் அடித்தது. மகள்.

"அம்மா, அப்பா கடையில விழுந்துட்டாரும்மா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பேச முடியாம கெடக்காரு. வேனுக்குச் சொல்லியிருக்கு. நீ உடனே வா. ஓடி வாம்மா!"

"சரி" என்றார் சங்கக்கா. போனை இடுப்பில் செருகினார். அந்த வீட்டுக்காரம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா?" "பொண்ணுதான். வீட்டுக்கு வரச் சொல்றா." திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அந்தத் தெருவை அவர் எத்தனையோ தடவை நடந்திருக்கிறார். அன்றைக்குத்தான் அது அவ்வளவு நீளம் என்று தெரிந்ததாம். இரண்டு பக்கமும் வாசல் நிறைய ஆட்கள். எல்லாக் கண்ணும் அவர் மேலே, பாதி கண் அவர் காலின் மேலே. தையல்காரர் வாசலில் அவருடைய பிள்ளைகள் இரண்டும் ஏற்கனவே தோளில் பையோடு நின்றன. "என்னக்கா, வேகமாப் போற மாதிரி இருக்கு?" என்று தையல்காரர் கேட்டார். சங்கக்கா நின்றார். நின்று, சிரித்து, "எங்க வேகமாப் போறேன்ப்பா, முட்டி வலி" என்றார்.  ரொட்டிக்கடைக்காரர் ஒரு கால் வாசலுக்கு வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றார். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். இடுப்பில் போன் மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை, எடுத்துக் காதில் வைத்தால் முகம் மாறிவிடும் என்று பயம்.

படிக்கட்டு நடுவில் ஒரு திருப்பம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாது. அங்கே போனதும் ஓடிவிடலாம் என்று போன் வந்த வீட்டிலிருந்தே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். "அங்க வந்தேன். ஒருத்தரும் இல்ல. ஓடுன்னு எனக்கு நானே சொன்னேன். காலு வரல" என்று பிற்பாடு ஒரே ஒருவரிடம், ரொட்டிக்கடைக்காரரின் மனைவியிடம், சொல்லியிருக்கிறார். "மறந்துபோச்சுக்கா. காலுக்கு அது மறந்தே போச்சு."

மேலே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. பஞ்சர் பார்க்கிற தொட்டி கவிழ்ந்து, அதன் தண்ணீர் மழைத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. காற்றடிக்க வந்த ஒருவர் இன்னும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார். "இப்பத்தான்மா, இப்பத்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. சங்கக்கா முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். மகள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன்னையத்தான் தேடுனாரு. வேன்ல ஏத்தும்போதுகூடப் படிக்கட்டையே பாத்துட்டு இருந்தாரு. அம்மா ஓடி வந்துட்டு இருக்கான்னு நான்தான் பொய் சொன்னேன்."

"பொய் இல்லடி. வந்துட்டுத்தான் இருந்தேன்."

"நடந்து."



மறுநாள் மழை விட்டது. கரை உடையவில்லை. நடந்தது என்ன என்று ஆற்றுத் தெருவுக்கு மெதுவாகத் தெரியவந்தது. துக்கம் கேட்க வந்த தையல்காரர், "அன்னைக்கு நீங்க மட்டும் ஓடியிருந்தா, என் பிள்ளைங்க ரெண்டும் அந்தப் படிக்கட்டுல..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேட்டுத் தெருவில், "புருஷன் உயிரு போகுது, இந்தம்மா உலாப் போகுது. நெஞ்சா கல்லா?" என்றார்கள். இதெல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காத ஒன்று தையல்காரரின் மனைவி வாயிலிருந்து வந்தது. கெட்ட மனசில் சொன்னது இல்லை. பயந்த மனசில் சொன்னது. "புருஷன் சாகும்போதே நடந்து போனவங்க. நாளைக்கு நிஜமாவே கரை உடைஞ்சாலும் இப்படித்தான் நடந்து வருவாங்க. இவங்க காலைப் பாத்து நாம எப்படி நம்புறது?" குழாயடியில் சொன்ன பேச்சு அன்றைக்கே தெருவைச் சுற்றி வந்தது. யாராலும் மறுத்துச் சொல்ல முடியவில்லை. அதில் நியாயம் இருந்ததுதான் கஷ்டம்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. மேட்டுத் தெருவில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. சங்கக்கா அப்போது ஆற்றுத் தெருவின் நடுவில் இருந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "டயருதான்! வெறும் டயருதான்!" என்று கத்தினார். யாரும் நிற்கவில்லை. அவரை இடிக்கவும் இல்லை. நடுத்தெருவில் நிற்கிற மரத்தைச் சுற்றிப் போகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓடினார்கள். பள்ளிக்கூடம் விடாத நேரமாக இருந்ததால் படிக்கட்டில் நெரிசல் குறைவு, காயத்தோடு போயிற்று. அந்தக் கூட்டத்தின் கடைசியில், ரொட்டிக்கடைக்காரர் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு, ஒவ்வொரு படிக்கும் முனகிக்கொண்டு ஏறினார். மேலே போய், ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், அந்த அம்மாள் அவர் கழுத்தைக் கட்டிய கையை எடுக்கவில்லை. "இறக்கி விடுங்கன்னு சொல்லேன்" என்று யாரோ கேட்டதற்கு, "கொஞ்சம் இருக்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

அலுவலகத்துக்குப் போய், "என்னை விட்டுருங்கய்யா. என் நடை இனிமே செல்லாது" என்று சொல்லிவிட்டார் சங்கக்கா. அந்த மாதம் அவருக்குப் பதிலாக ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்பினார்கள். மைக்கைப் போட்டதும் அது கிறீச்சென்று கத்தியது. 'இது சோதனை' என்று வண்டி சொல்லி முடிப்பதற்குள் தெரு காலியாகிவிட்டது. அடுத்த மாதம் பழையபடி அவரே போனார்.

இப்போது 'சோதனைதானே?' என்று கேட்பவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. "சத்தியமா?" என்கிறார்கள். "சத்தியமா" என்கிறார். "உங்க பொண்ணு மேல?" என்றுகூட ஒரு வீட்டில் கேட்டார்கள்.  அதற்கு மட்டும் அவர், "என் மேல வெச்சுக்கோங்க" என்றார்.

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி ஒருவர்தான் கட்டிலில் இருந்தபடி நேராகக் கேட்டார். "சோதனை கெடக்கட்டும். நிஜமா வந்தா என்ன பண்ணுவே?"

சங்கக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "தெரியலக்கா. காலு வருமான்னு தெரியல."

"கால் போனா போகுது. எனக்கும்தான் இல்ல. குரல் இருக்குல்ல? நின்ன எடத்துல நின்னு கத்து. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்." தரையில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து, "என்னங்க?" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

இந்த மாதச் சோதனை நாளில் ஆற்றுத் தெருவை முடித்துக்கொண்டு, படியேறி, பூட்டிக் கிடக்கிற சைக்கிள் கடையைத் தாண்டி, மேட்டுத் தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுக் கடைசியாக மகளின் வாசலுக்கு வருகிறார். அப்பா போன நாளிலிருந்து மகள் அவர் முகத்தில் விழிப்பதில்லை. மருமகன்தான் கதவைத் திறந்து, "சொல்லிடறேன் அத்தை" என்று தலையைக் குனிந்துகொள்வார். இன்று அவர் வேலைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. வாசலில் அவருடைய பூட்ஸ் இல்லை. சங்கக்கா இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓரடி பின்னால் நிற்கிறார். உள்ளே நடமாட்டம் கேட்கிறது. கதவு திறக்கவில்லை. மூடிய கதவிடமே சொல்கிறார்: "பத்து மணிக்குச் சங்கு ஊதும்மா. சோதனைதான். நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

திரும்புகிறார். படி இறங்குவதற்குள் தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம். மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலை வாரவில்லை, ஒரு கையில் சோப்பு நுரை.  அந்த நேரத்தில் மேலே கம்பத்தில் சங்கு ஊதத் தொடங்குகிறது. முதலில் தாழ, பிறகு ஏறி, தெருவில் இருக்கிற தகரம், கண்ணாடி, பாத்திரம் எல்லாவற்றையும் நடுங்கவைக்கிறது. கீழே ஆற்றுத் தெருவில் ஒரு குழந்தை வீறிடுகிறது. சங்கக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொங்கவிட்ட கைகள் தொங்கவிட்டபடி இருக்கின்றன. கால்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. மகள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு வாசல் தாண்டி வந்து, நுரையோடு இருக்கிற உள்ளங்கையை அம்மாவின் நெஞ்சில், சேலைக்கு மேலே, அழுத்தி வைக்கிறாள். கைக்கு அடியில் அது தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறது. சங்கு ஊதி ஓய்ந்து, குழந்தையின் அழுகையும் நின்ற பிறகும், கையை எடுக்கவில்லை.